ரூம்மேட் நீட்டுற மாத்திரை!

நாளைக்கு செமஸ்டர் எக்ஸாம். மூக்கு ஒழுகுது, தொண்டை கரகரங்குது. "போன மாசம் எனக்கு வாங்கினது மச்சி, ரெண்டு மிச்சம் இருக்கு. போட்டுட்டுப் படு!" என்று அஸித்ரோமைசின் ஸ்ட்ரிப்பை நீட்டுகிறான் ரூம்மேட். உங்க ஹாஸ்டல்லயும் இதே சீன்தானே?

கொஞ்சம் பொறுங்க பாஸ்!

ஜலதோஷத்துக்குக் காரணம் வைரஸ். ஆன்டிபயாடிக் அடிப்பதோ பாக்டீரியாவை. பென்சிலின், பாக்டீரியாவின் செல் சுவரைக் கட்டவிடாது. அஸித்ரோமைசின், அதன் புரோட்டீன் தயாரிப்பை நிறுத்தும். வைரஸுக்குச் சுவரும் இல்லை, சொந்தமா புரோட்டீன் ஃபேக்டரியும் இல்லை. ஆளே இல்லாத கடையில டீ ஆத்துற கதைதான்!

அப்போ ஜலதோஷம் எப்படிப் போகுது? எல்லாம் உங்க உடம்போட சொந்தப் படைதான். வைரஸ் புகுந்த செல்களை 'டி' செல்கள் அழிக்கும். 'பி' செல்கள் ஆன்டிபாடி தயாரிக்கும். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் மேட்டர் ஓவர். பாக்டீரியா நோயிலும் அஸித்ரோமைசின் பெரும்பாலும் கிருமி பெருகுவதைத்தான் தடுக்கும். மிச்சத்தைத் தீர்த்துக்கட்டுவது உங்க வெள்ளை அணுக்களே!

'சும்மா போட்டா என்ன நஷ்டம்?' என்கிறீர்களா? உங்க குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. மருந்து பட்டதும் பலவீனமானவை சாகும். அசராதவை தப்பித்துப் பெருகும். அந்த எதிர்ப்பு ஜீனை மற்ற பாக்டீரியாக்களுக்கும் கைமாற்றிவிடும்.

1928-ல் பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங், 1945-ல் நோபல் உரையிலேயே இதற்கு ஒரு கற்பனைக் கதை சொன்னார். 'மிஸ்டர் எக்ஸ்'க்குத் தொண்டை வலி. தானே பென்சிலின் வாங்கி அரைகுறையா சாப்பிடுறார். கிருமி சாகாமல் மருந்தைத் தாங்கப் பழகிவிடுகிறது. அது மனைவிக்குத் தொற்றி நிமோனியா ஆகிறது. பென்சிலின் கொடுத்தும் அவர் பிழைக்கவில்லை.

கதை நிஜமாகிடுச்சு. ஒரு காலத்தில் டைஃபாய்டுக்குக் கைகொடுத்த சிப்ரோஃப்ளாக்சசின், இன்று நம் நாட்டின் பெரும்பாலான டைஃபாய்டு கிருமிகளிடம் சரியாகப் பலிப்பதில்லை.

அதனால, ஸ்ட்ரிப்பில் சிவப்புக் கோடு இருந்தா, டாக்டர் சீட்டு இல்லாம தொடாதீங்க. எழுதிக்கொடுத்தா, சொன்ன அளவு, சொன்ன நாள் சாப்பிடுங்க. மிச்சம் பிடித்து ஃப்ரெண்டுக்குத் தானம் பண்ணாதீங்க. காய்ச்சல் மூணு நாள் தாண்டினாலோ, மூச்சு திணறினாலோ டாக்டரைப் பாருங்க.

நாளைக்கு அதே ரூம்மேட்டுக்கு நிஜமாவே டைஃபாய்டு வரலாம். அன்னிக்கு அந்த மாத்திரை வேலை செய்யணும் இல்லையா? இப்போதைக்கு அவன்கிட்ட ஒரு சுக்குக் காபி மட்டும் கேளுங்க!