உஷார்! பழைய ஜி.ஆர்.இ. சொற்பட்டியல் காலை வாரிவிடும்

ஜி.ஆர்.இ. எழுதப்போகும் தம்பி, தங்கைகளே! சீனியர்களிடமிருந்து கைமாறி வந்த அந்த 3,000 சொச்சம் சொற்களை இன்னும் உருப்போடுகிறீர்களா? இன்றே நிறுத்துங்கள். எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகள் இருந்த காலத்துப் பட்டியல் அது. அந்த இரண்டு வகையையும் 2011 ஆகஸ்டிலேயே எடுத்துவிட்டார்கள்.

இப்போது சொல் தனியாக வராது, வாக்கியத்துக்குள் உட்கார்ந்துதான் வரும். ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ் அர்த்தம் என்று மனப்பாடம் செய்தவர்கள் அங்கேதான் மாட்டுகிறார்கள். வாயில் நுழையாத சொற்களைவிடத் தெரிந்த சொற்களே அதிகம் ஏமாற்றும். 'குவாலிஃபைட் சப்போர்ட்' தகுதியான ஆதரவு அல்ல; 'ஆனால்' போட்டுத் தரும் ஆதரவு. 'டெம்பர்' வினைச்சொல்லாக வந்தால் கோபம் போய்விடும், தணிப்பது என்றாகும். 'ஃப்ளாக்' சோர்ந்துபோவதையும் குறிக்கும். 'சாங்ஷன்' அனுமதியாகவும் வரும், தண்டனையாகவும் வரும்; சுற்றியுள்ள வாக்கியம்தான் தீர்ப்புச் சொல்லும். ஓசையையும் நம்பாதீர்கள். 'எனர்வேட்' தெம்பை உறிஞ்சுவது. 'நாய்சம்' என்பது நாற்றம், சத்தமல்ல.

ஆறு சொற்களில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி இன்னும் பொல்லாதது. ஒரே பொருளுள்ள ஜோடி ஒன்றை, வாக்கியத்துக்குப் பொருந்தாமலே உள்ளே வைத்திருப்பார்கள். பட்டியல் படித்த கண் நேராக அதில்தான் போய் விழும். இரண்டில் ஒன்று தப்பானாலும் பாதி மதிப்பெண் கிடையாது.

தேர்வைச் சுருக்கிய 2023 செப்டம்பர் முதல் வெர்பல் என்ற மொழித்திறன் பிரிவில் மொத்தமே 27 கேள்விகள், 41 நிமிடம். முதல் பகுதியின் 12 கேள்விகளில் எப்படிச் செய்கிறீர்களோ, அதைப் பொறுத்தே அடுத்த பகுதியின் கடினம் அமையும். தொடக்கத்தில் சறுக்கினால் மீள்வது கஷ்டம். கட்டணமோ 20,000 ரூபாய்க்கு மேல். மறுபடி எழுத 21 நாள் இடைவெளி வேண்டும். டிசம்பர் நடுவில் பல்கலைக்கழக விண்ணப்பக் கெடு இருக்க, நவம்பர் கடைசியில் தேர்வுத் தேதி வாங்கியிருக்கிறீர்களா? முடிந்தால் முன்னால் மாற்றிக்கொள்ளுங்கள். அப்பா அம்மா கடன் வாங்கிக் கட்டிய பணம் இப்படிப் போவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

தேர்வை நடத்தும் இ.டி.எஸ். நிறுவனமே பவர்பிரெப் என்ற மாதிரித் தேர்வை இலவசமாகத் தருகிறது. இந்த வாரமே ஒன்றை எழுதிப் பாருங்கள். சறுக்கிய சொல்லை அது வந்த வாக்கியத்தோடு நோட்டில் எழுதுங்கள். அகராதியில் முதல் அர்த்தத்தோடு நிற்காமல், வினையாக வந்தால் என்ன பொருள் என்பதையும் பாருங்கள். நாளுக்குப் பத்துச் சொல் போதும்.