மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தையின் பார்வை

பிறந்தவுடன் அழாத குழந்தை உயிர் பிழைத்தபின் பெற்றோர் எங்களிடம் கேட்பது: "கண் தெரியுமா?"

ஆக்சிஜன் குறைவால் விழித்திரையில் சிறு இரத்தக்கசிவுகள் தோன்றலாம். நலமாகப் பிறந்த குழந்தைகளிடத்தும் இவை உண்டு; பெரும்பாலும் சில வாரங்களில் தாமே மறையும். எங்கள் கவலை பார்வை நரம்பைப் பற்றியது. அழிந்த இழைகள் மீண்டும் வளர்வதில்லை. நரம்பின் முகப்பு வெளிறுவதோ சில வாரங்கள் கழித்தே புலப்படும். ஆகவே முதற்பரிசோதனை இயல்பாக இருந்தாலும் மறுபரிசோதனைக்கு வருதல் வேண்டும். ஒரகடத்தில் ஷிப்ட் பார்ப்போருக்கு அது எளிதன்று என்பதை அறிவோம். பாட்டியாவது குழந்தையைக் கொண்டுவரலாம்.

சில குழந்தைகளுக்குக் கண்ணும் நரம்பும் சீராக இருந்தும் பார்வை இராது. பாதிப்பு மூளையின் பார்வைப் பகுதியில் இருக்கும். கண்மணி வெளிச்சத்திற்குச் சுருங்குவதால் குடும்பத்தாருக்கு இதை நம்புவது கடினம். கண்ணாடி மட்டும் இதைத் தீர்க்காது. ஆனால் வளரும் மூளை ஓரளவு தேறக்கூடியது. பார்வைத் தூண்டல் பயிற்சியை முதல் மாதங்களிலேயே தொடங்க வேண்டும். மூன்று மாதமாகியும் தாயின் முகத்தை நோக்காத குழந்தையை, "போகப்போகச் சரியாகும்" என்று வீட்டில் வைத்திராதீர்கள்.

34 வாரங்களுக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைவான எடையுடனோ பிறந்த குழந்தைக்கு, அழுதிருந்தாலும், 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம்.