கண்ணில் இரத்தம் உறைந்தால்...

அருமையான எதையும் ‘கண் போன்றது’ என்கிறோம். கண் நோயாளரின் பாதுகாவலியான புனித லூசியாவை ஆண்டுதோறும் டிசம்பர் 13 அன்று நினைவுகூர்கிறோம். ஆயினும் கண்ணுக்குள் ஓடும் இரத்தத்தைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கண்ணின் பின்புறம் விழித்திரை என்னும் மெல்லிய படலம் உள்ளது. நாம் காண்பவை எல்லாம் அதில்தான் படமாக விழுகின்றன. அதற்கு இரத்தம் கொண்டுவரும் முக்கியமான தமனி ஒன்று. திரும்ப எடுத்துச் செல்லும் சிரை ஒன்று. இவற்றில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் பார்வைக்கே ஆபத்து.

தமனி அடைபட்டால், விளக்கை அணைத்தாற்போல் ஒரு கண் திடீரென இருளும். வலி இராது. அதனாலேயே பலர், “தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்” என்று இருந்துவிடுகின்றனர். விழித்திரையோ சுமார் 4 மணி நேரம் இரத்தம் அறவே கிடைக்காவிடில் மீளாத சேதம் அடையும். சிரை அடைபட்டால் இரத்தம் தேங்கிக் கசியும். விழித்திரை வீங்கிப் பார்வை மங்கும்.

மருத்துவர் இதை எப்படிக் கண்டறிகிறார்? சொட்டு மருந்தால் கண்ணின் பாவையை விரித்து, கருவியால் உள்ளே நோக்குகிறார். தமனி அடைப்பில் விழித்திரை வெளிறி, நடுவே செர்ரிப் பழம் போன்ற செம்புள்ளி தெரியும். சிரை அடைப்பில் எங்கும் இரத்தத் திட்டுகள் காணப்படும். கையில் ஊசி வழியாக ஒரு சாயத்தைச் செலுத்தி, அது கண்ணில் பாய்வதைப் படமெடுப்பதும் உண்டு. இம்முறையை 1961இல் வெளியிட்டவர்கள் நோவோட்னி, ஆல்விஸ் என்னும் அமெரிக்க மருத்துவ மாணவர் இருவர். மாணவியரான நமக்கு இது ஊக்கமூட்டும் செய்தி அன்றோ!

சிரை அடைப்பால் வரும் வீக்கத்தைக் கண்ணுக்குள் போடும் ஊசிமருந்து வற்றச் செய்யும். சிலருக்கு லேசர் சிகிச்சையும் தேவைப்படும். தமனி அடைப்புக்கோ உறுதியாகப் பலன் தரும் மருந்து இன்றும் இல்லை. ஆயினும் அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஏனெனில் அந்த இரத்தக்கட்டி பெரும்பாலும் கழுத்துத் தமனியிலிருந்தோ இதயத்திலிருந்தோ வந்தது. அடுத்த கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். உரிய சிகிச்சையால் அதைத் தடுக்கலாம்.

இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, மிகுந்த கொழுப்பு, புகைபிடித்தல் ஆகியவை இந்நோய்க்கு வழி வகுக்கின்றன. எனவே வீட்டிலுள்ள பெரியோரின் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தவறாமல் பரிசோதிக்கச் சொல்வோம். “ஒரு கண் சற்று நேரம் இருண்டது, பிறகு தெளிந்துவிட்டது” என்று பாட்டி சொன்னாலும் அலட்சியம் வேண்டாம். தெளிந்துவிட்டாலும் அது எச்சரிக்கையே. அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் செய்வோம்.