பேதியின் மறைவில் உள்ள ஆபத்து

குழந்தைக்குப் பேதி கண்டால் பல் முளைக்கிறது என்பார் சிலர். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்பார் சிலர். வைத்தியரும் வயிற்றுக்கு மருந்து எழுதித் தந்துவிடுவார். பேதி நின்ற பிறகும் ஜுரம் விடாவிட்டால், நோய் சிறுநீர்ப் பாதையிலும் இருக்கலாமே என்ற யோசனை எத்தனை பேருக்கு உதிக்கிறது? அது உதிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

இவ்விரண்டு நோய்களுக்கும் உள்ள சம்பந்தம் இருவகைப்பட்டது. 1885-ம் வருஷம் தியோடர் எஷரிக் என்னும் வைத்தியர் சிசுக்களின் மலத்தில் ஒரு கிருமியைக் கண்டு விவரித்தார். பிற்காலத்தில் அவர் பெயராலேயே அது 'எஷரிச்சியா கோலி' என வழங்கலாயிற்று. குடலில் வாழும் இக்கிருமி மலத்தோடு வெளிப்பட்டுச் சிறுநீர்த் துவாரத்தின் வழியே மேலேறுகிறது. சிறுநீர்ப் பாதை நோய்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இதுவே. பெண் குழந்தைகளுக்கு அப்பாதை குறுகிய நீளமுடையதாதலால் அவர்களுக்கு அபாயம் அதிகம். இரண்டாவதாக, கைக்குழந்தைக்குச் சிறுநீர்ப் பாதையில் நோய் கண்டால் அதுவே வாந்தியாகவும் பேதியாகவும் வெளிப்படக்கூடும். எரிகிறது என்று சொல்ல அதற்குப் பேச்சு ஏது?

பேதிக்கு முதல் சிகிச்சை உப்பும் சர்க்கரையும் அளவோடு கலந்த நீர் என்பதில் ஐயமில்லை. 1971-ல் வங்க அகதிகள் பங்காவ் முகாமில் காலராவால் மடிந்துகொண்டிருந்தபோது, டாக்டர் திலீப் மகாலனபிஸ் இந்நீரைக் கொண்டே எண்ணற்ற உயிர்களைக் காத்தார். ஆயினும் அது வற்றிய உடலை மீட்குமேயன்றிச் சிறுநீரில் உள்ள கிருமியைக் கொல்லாது. கிருமி சிறுநீரகத்தை எட்டினால் சில குழந்தைகளுக்கு அங்கே தழும்பு விழும். பின்னாளில் ரத்த அழுத்த நோய்க்கும் அது வித்தாகலாம்.

குழந்தைகளின் பேதிக்குப் பெரும்பாலும் கிருமிகொல்லி மருந்து வேண்டியதில்லை. சிறுநீர்ப் பாதை நோய்க்கோ அது இன்றியமையாதது. ஆகவே, பரிசோதனையின்றி எல்லோருக்கும் அம்மருந்தைக் கொடுப்பதும் பிழை. வேண்டிய குழந்தைக்கு மறுப்பதும் பிழை. கண்டபடி கொடுப்பதால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுகின்றன.

பேதி கண்ட குழந்தைகள் அனைவருக்கும் இச்சோதனை தேவை என்று நாம் சொல்லவில்லை. காரணம் தெரியாத ஜுரம் நீடித்தாலும், சிறுநீர் கழிக்கையில் குழந்தை வீறிட்டாலும், ஊட்டமின்றி மெலிந்த குழந்தை தேறாவிட்டாலும் பெற்றோர் சிறுநீர்ப் பரிசோதனையைக் கேட்க வேண்டும். பேதியின்போது ஒட்டுப்பையில் பிடித்த சிறுநீரில் மலம் கலந்து முடிவைக் கெடுக்கும். நன்கு கழுவித் துடைத்து, சுத்தமான பாத்திரத்தில் நடுத்தாரையைப் பிடிக்க வேண்டும். இயலாவிடில் வைத்தியரே குழாயிட்டு எடுப்பார். கிருமிகொல்லி கொடுக்கும் முன்பே இதைச் செய்வது அவசியம்.

சாயக் காகிதத்தைச் சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சோதனைக்குச் சில நிமிஷங்களே போதும், செலவும் சொற்பம். கிருமியை வளர்த்து அறியும் சோதனைக்கு ஓரிரு நாள் ஆகும். முன்னது ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும், பின்னது எட்டும் தூரத்து ஆஸ்பத்திரியிலும் தவறாமல் கிடைக்கவேண்டும். ஊர்தோறும் பொதுக் காரியங்களில் ஈடுபட்டுள்ள அன்பர்கள் தத்தம் ஊர் நிலையத்துக்குச் சென்று, இவ்வசதி இருக்கிறதா என்று விசாரிப்பார்களாக. இல்லையெனில் கிடைக்கும்வரை கேட்பார்களாக. வாய் திறந்து சொல்ல அறியாத சிசுக்களுக்காக நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?