சாரதியில்லாத மஞ்சள் வண்டி

சாரதியின்றி ஒரு பஸ் வண்டி தெருவில் ஓடுகின்றதென்றால், நம்மிற் பலர் அதனை மாயாஜாலக் கதையென்றே முதலில் எண்ணுவர். சுவிற்சர்லாந்தின் சியோன் நகர மக்களுக்கோ அது 2016ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலேயே கண்கூடான காட்சியாயிற்று. அந்நாட்டுத் தபாற் பஸ் நிறுவனம், பிரான்சில் நவ்யா கம்பெனி செய்த இரண்டு சிறிய மின்சார வண்டிகளை அந்நகரிற் பரீட்சார்த்தமாக ஓடவிட்டது.

சியோன் மிகப் பழைய ஊர். ரோன் நதிப் பள்ளத்தாக்கில், இரு குன்றுகளின் அடிவாரத்தில் அமைந்தது. வலேர்க் குன்றின் தேவாலயத்திலே, இன்றும் வாசிக்கத்தக்க உலகின் மிகப் பழைய ஓர்கன் வாத்தியங்களுள் ஒன்று இருக்கின்றது. அத்தகைய ஊரின் ஒடுங்கிய தெருக்களிலே பெரிய பஸ் நுழைவது அரிது. கார் நுழைந்தாலோ நடப்பவர் சுவரோடு ஒதுங்கவேண்டும். 11 பேரை மட்டும் ஏற்றி, மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேற்படாது செல்லும் வண்டி அங்கு பொருந்தியதில் வியப்பில்லை. செல்லவேண்டிய பாதையை முன்னரே அளந்து அதன் நினைவிற் பதித்துவிடுகின்றனர். லேசர்க் கதிர்கள் சுற்றுப்புறத்தை ஓயாது துழாவுகின்றன. எதிரே யாரேனும் வந்தால் வண்டி நின்றுவிடுகின்றது.

இந்த மந்த கதியைக் குறையென்பாருமுளர். யான் அவ்வாறு கருதவில்லை. சைக்கிளின் வேகத்திற் பஸ் செல்லும் தெருவிலே, சந்தைப் பையோடு வரும் முதியவளும் அஞ்சாது நடக்கலாமன்றோ!

எனினும் தெருவிற்கென்று ஒரு வழக்கு உண்டு. அது சட்டப் புத்தகத்தில் முழுவதும் அடங்குவதில்லை. 2016 செப்டெம்பரிலே, நிறுத்தியிருந்த ஒரு வானின் திறந்த பின்கதவில் சியோன் வண்டியொன்று மோதிற்று. எவருக்கும் காயமில்லை. 2017 நவம்பரில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நிகழ்ந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. அங்கும் நவ்யா வண்டியே ஓடத் தொடங்கியது. முதல் நாளே ஒரு லொறி பின்னோக்கி வர, வண்டி விதிப்படி நின்றது; லொறி மேலும் வந்தது; வண்டி நின்றபடியே அடி வாங்கிற்று. பொலிசார் குற்றஞ்சாட்டியது லொறிச் சாரதியையே. ஆயினும் மனிதச் சாரதி சற்றுப் பின்வாங்கியிருப்பான்; ஓங்கி ஹோர்ன் அடித்திருப்பான். (சுவிஸ் தபாற் பஸ்கள் மலை வளைவுகளில் ஊதும் மூன்று சுரங்கள் ரொசினியின் ‘வில்லியம் டெல்’ இசைநாடக முகப்பிலிருந்து எடுத்தவை. எச்சரிக்கையிலும் ஓர் இனிமை!)

சியோன் வண்டியில் எப்பொழுதும் உதவியாளர் ஒருவர் உடன் சென்றார். அபாயம் நேரின் நிறுத்துவது அவர் கடமை. சிக்கலும் அங்கேதான். பஸ் நடத்தும் செலவிற் பெரும் பங்கு சாரதியின் சம்பளம்; பதினொருவருக்காக ஓடும் வண்டி அச்செலவைத் தாங்காது. உதவியாளரை நீக்கினாலே கணக்குச் சரிவரும். நீக்கினால், படியேற இயலாத மூதாட்டி யாரிடம் கை நீட்டுவாள்? நகரசபைகள் யந்திரத்தின் விலையை விசாரிக்குமுன் இதனை விசாரிப்பது நன்று.

ஜப்பானின் எய்ஹேய்ஜி என்னும் ஊரில் 2023ஆம் ஆண்டு மே மாதம் உதவியாளரையும் இறக்கிவிட்டனர். தொலைவிலிருந்து ஒருவரே மூன்று வண்டிகளைக் கண்காணித்தார். அவை ஓடியது கடைத்தெருவிலன்று. கைவிடப்பட்ட பழைய புகையிரதப் பாதையிலே, மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில். அவ்வாண்டு ஒக்டோபரில் அங்கும் ஒரு சைக்கிளில் வண்டி முட்டிற்று. சேவையைச் சிலகாலம் நிறுத்திவைத்தனர்.