இருபுறமும் ஒன்றல்ல

ரவிக்கைக்கு அளவெடுக்கத் தயங்காத நம் சகோதரியர், மார்க்கச்சுக்கு அளவெடுக்கக் கூசுகின்றனர். கடையில் கிடைத்ததை அணிந்து, தோள் நாடாவை இறுக்கி, வலியைப் பொறுத்துக்கொள்கின்றனர். தைக்கத் தெரிந்தோர்க்கு இத்துன்பம் வேண்டுவதில்லை. மாதிரித் தாளைத் தம் உடலுக்கேற்பத் திருத்திக்கொள்ளும் முறையை இங்கே கூற விரும்புகிறோம்.

பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குவது அடிப்பட்டையே. தோள் நாடா அன்று. ஆகவே மார்பகத்தின் கீழே அளவு நாடாவை மட்டமாகச் சுற்றி அளந்து, பட்டையை முதலில் பொருத்த வேண்டும். அதன் பின்னரே கிண்ணப் பகுதியைக் கவனித்தல் முறை. கிண்ணம் தொய்ந்து சுருங்கினால், தாளில் மிகுதியை மடித்துக் குறைக்கலாம். இறுக்கினால் தாளைக் கீறிக் கால் அங்குலம், அரை அங்குலமாக விரிக்கலாம். புதுத்துணியில் கத்தரி வைக்குமுன் பழந்துணியில் தைத்துப் பார்த்தல் நன்று.

துணியை இரண்டாக மடித்து இருபுறத்தையும் ஒருங்கே வெட்டுவது தையற்காரர் வழக்கம். உடலோ அவ்வாறு மடித்து வெட்டப்பட்டதன்று. வேறுபாடு மிகுந்தால் இருபுறத்துக்கும் தனித்தனித் தாள் வேண்டும்.

இதன் அருமை அறுவைச் சிகிச்சைக்குப் பின் நன்கு விளங்கும். இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய், மார்பகப் புற்றுநோயே. தமிழர் பலர் வாழும் பெங்களூர் அடுகோடிக்கு அருகில், கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம் 1973 முதல் இயங்கி வருகிறது. இத்தகைய நிலையங்களில் உயிர் பிழைத்து, ஒரு மார்பகத்தை இழந்து வீடு திரும்பும் பெண், நாலு பேர் முன் செல்லவே தயங்குவதுண்டு.

அவருக்குத் தைக்கும்போது, அகற்றிய புறத்தின் கிண்ணத்தைச் சிறிதாக்கலாகாது. மறுபுறத்தின் அளவிலேயே வைத்து, உள்ளே மெல்லிய பருத்தித் துணியால் ஒரு பை தைத்து, அதன் வாயை அக்குள் பக்கம் அமைக்க வேண்டும். செயற்கை மார்பகம் அதில் நழுவாது நிற்கும். அதன் எடை மறுபுறத்தை ஏறக்குறைய ஒத்திருப்பின், பட்டை ஒருபுறமாக மேலேறாது. கழுத்து விளிம்பைச் சற்று உயர்த்துவதும், நாடாவை அகலமாக்குவதும், தழும்பின்மேல் தையல் படாமல் விலக்குவதும் அவசியம். கையைப் பின்னே வளைக்க இயலாதாயின் கொக்கிகளை முன்புறம் வைக்கலாம். எடையுள்ள செயற்கை மார்பகத்தைப் புண் முற்றும் ஆறி, மருத்துவர் இசைந்த பின்னரே அணிதல் வேண்டும்.

வேற்று மொழி வழங்கும் ஊரில் இவற்றையெல்லாம் வாய்விட்டுக் கேட்பது எளிதன்று. ஆதலின் தையல் அறிந்த தமிழ்ச் சகோதரி ஒருவர், இத்தகைய பெண்ணுக்கு ஒருமுறை அளவெடுத்துத் தாள் வெட்டிக் கொடுப்பாராயின், அது பேருதவியாகும்.