புதிய கணினி வாங்குவதற்கு முன்...

எமது ஹட்டன் பகுதியில் சில்லறை வியாபாரம் செய்யும் பலர், பகலில் கடையில் எழுதிய கடன் கொப்பியை இரவில் வீட்டுக்குக் கொண்டு போய்க் கணினியில் பதிகிறார்கள். நானும் அப்படித்தான். தோட்டத்தில் சம்பளம் போடும் 10ஆம் திகதி நெருங்கும்போது யார் எவ்வளவு தர வேண்டும் என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் கணினி திறப்பதற்கே பத்து நிமிடம் எடுத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? "இது பழசு, புதிசு வாங்குங்கள்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். விற்பவரும் அதையேதான் சொல்வார்.

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், அதே வருடம் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. ரூபா அதன் பின்னர் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கணினி பெரும்பாலும் இறக்குமதிப் பொருள். எனவே அவசரப்பட்டுப் புதிது வாங்குவது வீண்விரயமாகிவிடலாம். மெதுவாக இயங்கும் கணினியில் அனேகமாக ஏதாவது ஒரு பாகம்தான் பலவீனமாக இருக்கும். அது எது என்று கண்டுபிடித்த பிறகே பணத்தை வெளியே எடுக்க வேண்டும்.

முதலில் பிரதி எடுங்கள்

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். முன்பு என்னிடம் இருந்த கணினி மெதுவானபோது அதைத் திருத்துவதற்குக் கொடுத்தேன். "போர்மட் பண்ணினால் சரியாகும்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். கணினி வேகமாகத்தான் திரும்பி வந்தது. ஆனால் மூன்று மாதக் கடன் கணக்கு அதில் இல்லை. பழைய கொப்பிகளையும் நான் எறிந்துவிட்டிருந்தேன். பலர் தாமாகவே வந்து தமது பாக்கியைச் சொல்லிக் கட்டினார்கள். சிலரிடம் கேட்கவே எனக்கு வாய் வரவில்லை. குறைத்துக் கேட்டால் எனக்கு நட்டம், கூட்டிக் கேட்டால் அது அநியாயம்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி பணிக்கும் சூரத்துல் பகராவின் 282ஆம் வசனமே அல்குர்ஆனில் மிக நீளமான வசனம் என்பதை நாம் அறிவோம். எழுதியதைப் பாதுகாப்பதும் அதே பொறுப்பின் ஒரு பகுதிதானே. ஆகவே கணினியில் கை வைப்பதற்கு முன் கணக்குக் கோப்புகளை இரண்டு இடங்களில் பிரதி எடுங்கள். ஒன்றை பென்டிரைவிலும் மற்றதை இணையச் சேமிப்பிலும் வைக்கலாம். ஒரு பிரதியாவது வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகத்தில் மண்சரிவுகளால் வீடுகளே இல்லாமல் போனதைக் கண்டோம். எடுத்த பிரதி திறக்கிறதா என்பதையும் வேறொரு கணினியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோய் எங்கே?

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் திறக்கும். அதில் பெர்போமன்ஸ் என்ற பகுதிக்குப் போனால் சி.பி.யு., மெமரி, டிஸ்க் என மூன்று அளவுகள் தெரியும்.

இதைக் கடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சி.பி.யு. என்பது வேலை செய்யும் ஆள். மெமரி, அதாவது ரெம், அவர் முன்னால் இருக்கும் மேசை. டிஸ்க் பின்னால் இருக்கும் ஸ்டோர். மேசை சிறிதாக இருந்தால் ஒவ்வொரு சாமானுக்கும் ஸ்டோருக்கு ஓட வேண்டும். ஸ்டோர் ஒழுங்கில்லாமல் இருந்தால் எவ்வளவு கெட்டிக்கார ஆளானாலும் தாமதம்தான்.

கணினியைத் திறந்து பல நிமிடங்கள் சென்ற பின்னரும் டிஸ்க் 100 வீதத்திலேயே நின்றால் பிரச்சினை ஸ்டோரில் உள்ளது. மெமரி எப்போதும் 90 வீதத்தைத் தாண்டி நின்றால் மேசை போதவில்லை. மூன்றும் குறைவாக இருந்தும் இணையப் பக்கங்கள் மட்டும் மெதுவாக வருகின்றனவா? அது கணினியின் குற்றம் அல்ல, இணைப்பின் குற்றம். மலைகளுக்கு நடுவே சிக்னல் குறைந்த வீடுகளில் இது சாதாரணம். அதற்காகக் கணினியை மாற்றி எந்தப் பயனும் இல்லை.

காசு செலவில்லாத வைத்தியம்

அதே டாஸ்க் மெனேஜரில் ஸ்டார்ட்அப் என்றொரு பகுதி உண்டு. கணினி திறக்கும்போது தாமாகவே ஓடத் தொடங்கும் மென்பொருட்கள் அங்கே வரிசையாக இருக்கும். அன்றாடம் தேவைப்படாதவற்றை டிசேபிள் செய்யுங்கள். இதனால் அவை அழிந்துவிடாது, நீங்கள் அழைக்கும்போது மட்டும் வரும். வைரஸ் தடுப்பு மென்பொருளையும் பெயர் தெரியாதவற்றையும் மட்டும் விசாரிக்காமல் தொடாதீர்கள்.

கணினியை நிறுத்தும் விதத்திலும் ஒரு நுணுக்கம் உள்ளது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் பொதுவாக ஷட்டவுன் செய்தாலும் உட்பகுதி முழுமையாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. விரைவாகத் திறப்பதற்காகப் பழைய நிலையில் ஒரு பகுதியை அது சேமித்து வைத்துக்கொள்கிறது. எனவே வாரம் ஒரு முறையாவது ரீஸ்டார்ட் கொடுங்கள்.

சி டிஸ்க்கில் ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக வைத்திருப்பது நல்லது. செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குச் சென்றால் தற்காலிகக் கோப்புகளை அழிக்கலாம். அங்கே டவுன்லோட்ஸ் என்ற வரியில் அடையாளம் இடப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். கம்பனிகள் அனுப்பும் இன்வொய்ஸ்கள் பெரும்பாலும் அங்குதான் கிடக்கும்.

வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒன்று போதும். இரண்டு இருந்தால் ஒன்றையொன்று இடறிக்கொண்டு கணினியை மந்தமாக்கும். விண்டோஸுடன் வரும் டிபென்டரே சாதாரண பாவனைக்குப் போதுமானது. "ஒரே கிளிக்கில் வேகம்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருட்கள் பக்கம் போகாதீர்கள். திருட்டு மென்பொருட்களின் பூட்டை உடைக்கக் கொடுக்கப்படும் சிறு கோப்புகள் பல வேளைகளில் வைரஸையும் கூடவே கொண்டு வருகின்றன. எமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளையும் பாதுகாக்கிறது. ஹலாலான சம்பாத்தியத்தின் கணக்கை எழுதும் மென்பொருளும் முறையாகப் பெற்றதாக இருப்பதே அழகு.

செலவு செய்ய வேண்டிய இடம்

இவ்வளவும் செய்த பிறகும் டிஸ்க் 100 வீதத்தில் நிற்கிறதா? அப்படியானால் உங்கள் கணினியில் இருப்பது பெரும்பாலும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். அதில் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல, ஒரு முள் அங்குமிங்கும் ஓடித் தேட வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே கிடையாது, தேடும் நேரமும் மிகச் சொற்பம். எட்டு, பத்து வருடப் பழைய கணினிகளில் கூட இந்த ஒரு மாற்றம் பெரிய வித்தியாசத்தைக் காட்டும். பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே புதியதற்குப் பிரதி செய்து தரும்படி கேளுங்கள். எஸ்.எஸ்.டி. போட்ட பிறகு பழைய பழக்கத்தில் டிபிராக்மன்ட் செய்ய வேண்டாம். அதற்கு அது தேவையில்லை, தேய்மானம்தான் மிச்சம்.

மெமரிதான் குறை என்றால் ரெம்மைக் கூட்டலாம். இன்றைய பாவனைக்கு 8 ஜி.பி. இருந்தால் நல்லது. டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4 என வகைகள் உண்டு, ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. சில மடிகணினிகளில் ரெம் நிரந்தரமாக ஒட்டப்பட்டிருக்கும், கூட்டவே முடியாது. வாங்க முன் இதை உறுதிசெய்து, இரண்டு கடைகளிலாவது விலை கேளுங்கள்.

எமது காலநிலை

குளிர்ப் பிரதேசத்தில் கணினி சூடாகாது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் ஈரப்பதத்தோடு சேரும் தூசி கம்பளம் போல விசிறியை அடைத்துவிடும். உள்ளே வெப்பம் ஏறியதும் சி.பி.யு. தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். ஆகவே தென்மேற்குப் பருவ மழைக்கு முன்னும் பின்னும் ஒரு தடவை மின்சாரத்தைத் துண்டித்துத் தூசியை அகற்றுங்கள். விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு ஊதுவது நல்லது.

2022இல் பல மணி நேர மின்வெட்டை அனுபவித்தோம். இயங்கிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்புகளும் டிஸ்க்கும் பழுதடையலாம். மேசைக் கணினிக்கு ஒரு யூ.பி.எஸ். அவசியம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி மின்னல் அதிகம். அப்போது மின் பிளக்கை மட்டுமல்ல, ரவுட்டரின் வயரையும் கழற்றிவிடுங்கள்.

எப்போது கைவிடுவது?

விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீடிப்பு அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணினியில் வங்கி வேலைகளைச் செய்வது ஆபத்து. அதை இணையத்தில் இணைக்காமல் கணக்கு எழுத மட்டும் வைத்துக்கொள்ளலாம், அல்லது இலவசமான லினக்ஸ் மின்ட்டைப் போடலாம். உங்கள் கணக்கு மென்பொருள் லினக்ஸில் இயங்குமா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய கணினியை விற்பதானால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது எம்மை நம்பிக் கடன் வாங்கியவர்களின் பெயரும் கணக்கும். அது அமானிதம்.

என் வீட்டுக் கணினிக்கு எஸ்.எஸ்.டி. ஒன்று மட்டும்தான் தேவைப்பட்டது. இப்போது தேநீர் ஊற்றி முடிவதற்குள் பட்டியல் திரையில் வந்துவிடுகிறது. ஆனாலும் ஒவ்வொரு வியாழன் இரவும் பிரதி எடுத்த பிறகுதான் தூங்கப் போகிறேன். நீங்களும் இந்த வாரமே அதிலிருந்து தொடங்குங்கள்.